செய்மதி வானிலைப் படங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் படுவான்கரையில் வேளாண்மை விதைத்தவர், வாழைச்சேனையிலும் ஒலுவிலிலும் கடலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோர் கையிலும் மேகப் படம் இருக்கிறது. அதோடு வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். வாய்ப்பேச்சிலும் குரல் செய்தியிலும் திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். லேசான கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

"சேர், இந்தப் படத்தை எந்தச் சட்டலைட் எடுக்குது? நம்மட நாட்டுக்கு ஒண்டு இரிக்கா?"

இலங்கைக்கென்று வானிலைச் செய்மதி எதுவும் இல்லை. 2019 இல் விண்ணுக்குப் போன ராவணா-1 ஒரு சின்னப் பரீட்சார்த்தச் செய்மதி; அதற்கும் வானிலைக் கண்காணிப்புக்கும் தொடர்பில்லை. நம் போனில் தெரிகிற படங்கள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று இந்தியாவின் இன்சாட் வரிசை: இன்சாட்-3டிஆர் 74 பாகை கிழக்கிலும், 2024 பெப்ரவரி 17 ஆம் திகதி ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் 82 பாகை கிழக்கிலும் நிற்கின்றன. இரண்டாவது ஜப்பானின் ஹிமவாரி-9, அது 140.7 பாகை கிழக்கில். மூன்றாவது ஐரோப்பாவின் மெற்றியோசாட்-9, 45.5 பாகை கிழக்கில்.

இவை எல்லாம் மத்தியகோட்டுக்கு நேர் மேலே கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுகின்றன. அதனால்தான் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நம்மை விடாமல் பார்க்க முடிகிறது. இன்னொரு வகை, சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுகிறவை. அவை ஒரு இடத்துக்கு மேலே நாளில் ஓரிரு தடவைதான் வரும், ஆனால் நெருங்கி நின்று பார்க்கும். இரண்டு வகையும் பின்னால் வரும்.

காசு கேட்கிறார்களா என்றும் சிலர் கேட்பதுண்டு. உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில் அடிப்படைத் தரவுகளை நாடுகள் ஒன்றோடொன்று இலவசமாகப் பகிர்ந்துகொள்கின்றன. நம் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் அப்படித்தான் கிடைக்கின்றன.

"ராத்திரியிலயும் மேகம் தெரியுதே, அது எப்படி?"

பகலில் எடுக்கிற சாதாரணப் படத்துக்கு வெயில் வேண்டும். இரவில் தெரிவது அகச்சிவப்புப் படம். மேகத்தின் உச்சியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரை அது அளக்கிறது. மேகம் எவ்வளவு உயரமோ அதன் உச்சி அவ்வளவு குளிர். நம் பக்கத்து இடிமேகங்களின் உச்சி பூச்சியத்துக்குக் கீழே 70, 80 பாகை செல்சியஸ் வரைக்கும் போகும்.

படத்தில் நீங்கள் காணும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு எல்லாம் அந்தக் குளிருக்குப் பிறகு பூசிய நிறங்கள். எந்தக் குளிருக்கு எந்த நிறம் என்பதை அந்தந்த இணையத்தளம் தன் வசதிக்குத் தீர்மானிக்கிறது. ஒரு தளத்தில் சிவப்பாக இருப்பது இன்னொன்றில் வெள்ளையாக இருக்கலாம். படத்தின் ஓரத்தில் உள்ள நிறக் கட்டத்தை முதலில் பாருங்கள்.

"செக்கச்செவேல் எண்டு காட்டுது, வெளிய வந்து பாத்தா ஒரு சொட்டு மழை இல்ல. பொய்யா காட்டுது?"

பொய் இல்லை. சிவப்பு என்றால் மழை என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. மேலே சொன்னபடி அந்தப் படத்தில் இருப்பது மேகத்தின் உச்சிக் குளிர் மட்டுமே. வீட்டுக் கூரையை மட்டும் பார்த்து உள்ளே அடுப்பு எரிகிறதா என்று சொல்வது எவ்வளவு கடினமோ, மேகத்தின் உச்சியைப் பார்த்து அடியில் மழை இருக்கிறதா என்று சொல்வதும் அவ்வளவு கடினம்.

இடிமேகம் வளர்ந்து உச்சியில் முட்டியதும் பனித்துகள்கள் காற்றோடு பக்கவாட்டில் நூறு கிலோமீற்றருக்கு மேலும் பரவும். அந்தப் பரவலும் குளிராகத்தான் இருக்கும், படத்தில் சிவப்பாகத்தான் தெரியும். அதன் கீழே நிற்கிற ஏறாவூர்க்காரர் மங்கிய வானத்தைப் பார்ப்பார், மழையைக் காணமாட்டார்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. நம் மாவட்டங்களுக்கு அதுதான் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் மேகங்கள் பல நேரம் தாழ்வானவை. உச்சி அவ்வளவு குளிராக இருக்காது, படத்தில் மங்கல் சாம்பலாகக் கிடக்கும். ஆனால் அதிலிருந்து வயலில் வரம்பு தெரியாத அளவுக்கு மழை கொட்டும். படத்தில் ஒன்றுமில்லை என்று நம்பி வெட்டிய நெல்லைக் காயப்போட்டவர்கள் உண்டு. மாரியில் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

"மேகம் கல்முனைக்கு மேல நிக்குது எண்டு படம் சொல்லுது. மின்னல் கடலுக்குள்ள தூரத்திலதான் வெட்டுது. ஏன்?"

நல்ல அவதானிப்பு. இதைக் கேட்டவர் ஒரு மீனவர். ஹிமவாரி நம்மை நேர் மேலேயிருந்து பார்க்கவில்லை. கிழக்கே 59 பாகை தள்ளி நின்று மிகவும் சரிவாகப் பார்க்கிறது. அந்தச் சரிவுப் பார்வையில் உயர்ந்த மேகத்தின் உச்சி, அதற்குப் பின்னால் உள்ள நிலத்தின் மேல் விழுந்து தெரியும். 15 கிலோமீற்றர் உயர மேகம் என்றால், கணக்குப் போட்டால், 30 கிலோமீற்றருக்கு மேலாக மேற்கே தள்ளித் தெரியவேண்டும். ஆகவே கல்முனைக்குக் கிழக்கே கடலுக்குள் நிற்கும் மேகம் கல்முனைக்கு மேலே இருப்பதுபோல் படத்தில் வருகிறது. சில தளங்கள் இதைத் திருத்திக் காட்டும், பல தளங்கள் காட்டுவதில்லை.

இன்சாட்-3டிஎஸ் நிற்கும் 82 பாகைக் கோடு மட்டக்களப்பின் 81.7 பாகைக்குக் கிட்டத்தட்ட நேரே வருகிறது. அதே மேகம் அதில் இரண்டு, மூன்று கிலோமீற்றர்தான் விலகும். ஆனால் ஹிமவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் படம் தருகிறது, ஒரு இன்சாட் அரை மணிக்கு ஒன்று. மேகம் எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்க்க ஹிமவாரி, எங்கே நிற்கிறது என்று பார்க்க இன்சாட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

"விண்டி ஆப்பில நாளைக்கு மழை எண்டு நீலமா ஓடுதே, அதுவும் சட்டலைட் படம்தானே?"

இல்லை. செய்மதி நாளையைப் படம் எடுக்காது. விண்டியில் ஓடும் நீலம் கணினி மாதிரிகளின் எதிர்வுகூறல். அதே ஆப்பில் செய்மதி என்று தனி அடுக்கு இருக்கிறது, அதில்தான் நடந்தது தெரியும். நேரக் கோட்டை இழுத்துப் பாருங்கள்: இப்போதைய நேரத்தைத் தாண்டியும் நாட்கணக்கில் ஓடினால் அது எதிர்வுகூறல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல படங்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். காலை ஆறு மணிக்கு வந்த படம் என்று பகிரப்படுவது சில நேரம் பதினொன்றரை மணிப் படம்.

"அப்ப மழையையே நேரா அளக்கிற சட்டலைட் ஒண்டும் இல்லியா?"

இருக்கிறது. நுண்ணலை என்கிற கதிர் மேகத்தை ஊடுருவி உள்ளே உள்ள நீர்த்துளியையும் பனியையும் உணரும். 2014 பெப்ரவரியில் நாசாவும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜக்ஸாவும் சேர்ந்து ஏவிய ஜிபிஎம் மையச் செய்மதியில் நுண்ணலை உணரியும் மழை ராடரும் ஒன்றாக இருக்கின்றன. மழைத்தூணை அடுக்கு அடுக்காக வெட்டிப் பார்க்கும் ராடர் அது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் அனுப்பிய எர்த்கேர் இன்னும் ஒரு படி மேலே போய், மேகத்துக்குள் துளிகள் மேலே போகின்றனவா கீழே வருகின்றனவா என்ற வேகத்தையும் அளக்கிறது.

குறை என்னவென்றால் இவை நாள் முழுக்க நம் தலைக்கு மேலே நிற்பதில்லை. அதனால் பல நாடுகளின் நுண்ணலைச் செய்மதிகளைச் சேர்த்து, இடைவெளியை அகச்சிவப்புப் படத்தால் நிரப்பி, ஐமெர்க் என்ற மழை வரைபடத்தை நாசா தயாரிக்கிறது. அரை மணிக்கு ஒன்று, ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீற்றர். முதல் பதிப்பே நான்கு மணித்தியாலம் பிந்தித்தான் வரும். ஜக்ஸாவின் ஜிஎஸ்மாப்பும் இதே மாதிரியானது, அது மணிக்கு ஒன்று.

நம் கரையில் இவற்றுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கடலுக்கு மேலே மழைத்துளியின் கதிர் தெளிவாகத் தெரியும். நிலத்துக்கு மேலே நிலமே கதிர் வீசுவதால் துளி மறைந்துபோகும். மேகத்தில் உள்ள பனியை வைத்துத்தான் மழையை ஊகிக்கவேண்டும். மட்டக்களப்பில் கடல், மணல்திட்டு, வாவி, வயல் நான்கும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. மேலே சொன்ன தாழ்வான மாரி மேகத்தில் பனியும் குறைவு. ஆகவே அந்த மழையைச் செய்மதி குறைத்துச் சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. ஜப்பான் உதவியோடு புத்தளத்திலும் பொத்துவிலிலும், தரையிலிருந்தே மழையைப் பார்க்கும் டொப்ளர் ராடர் அமைக்கும் திட்டம் பல வருடமாகப் பேசப்படுகிறது. பொத்துவில் ராடர் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

"சூறாவளிக்குள்ள போகாம, மேல நிண்டுகொண்டே அதுட பலத்தை எப்படிச் சொல்றாங்க?"

1970களில் அமெரிக்காவின் வெர்னன் டுவோராக் என்பவர் ஒரு முறையை வகுத்தார். மேகச் சுருளின் வடிவம், கண் இருக்கிறதா, கண்ணைச் சுற்றிய மேகம் எவ்வளவு குளிர் என்று பார்த்து 1 முதல் 8 வரை எண் கொடுப்பது. அந்த எண்ணுக்கு ஒரு காற்று வேகம். அட்லாந்திக்கில் விமானம் சூறாவளிக்குள் பறந்து அளக்கும். வங்காள விரிகுடாவில் அப்படி வழமையாகப் பறப்பதில்லை, ஆகவே இன்றைக்கும் இந்த முறைதான் முதுகெலும்பு. இப்போது கணினியே அந்த எண்ணைப் போடுகிறது. பல ஆய்வுக் குழுக்கள் இயந்திரக் கற்றலுக்கு ஆயிரக்கணக்கான பழைய படங்களைக் கொடுத்துப் பழக்குகின்றன.

தலைவலி எங்கே என்றால், நம் பக்கம் வரும் சூறாவளிகள் பலவற்றுக்குக் கண் தெரிவதில்லை. மேலே பரந்த பனிமேகம் மையத்தை மூடிவிடும். அப்போதும் நுண்ணலைதான் கைகொடுக்கும், உள்ளே சுருள் எங்கே என்று காட்டும். 2025 நடுப்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் செய்மதிகளில் உள்ள எஸ்எஸ்எம்ஐஎஸ் கருவியின் நுண்ணலைத் தரவை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது உலகமெங்கும் சூறாவளி ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தது அதனால்தான். ஜூலைக் கடைசியில் அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆனால் அவை வயது போன கருவிகள். 2023 மே மாதம் நாசா அனுப்பிய ட்ரொபிக்ஸ் என்ற நான்கு குட்டிச் செய்மதிகள், சிறிய கருவிகளைக் கூட்டமாக அனுப்பி அயனப் பகுதியை அடிக்கடி பார்க்க முடியுமா என்ற முயற்சி.

கடல் மட்டக் காற்றுக்கு வேறு கருவி. ராடர் அலை கடல் முகத்தின் சிற்றலையில் பட்டுத் திரும்புவதை வைத்துக் காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படும். 2022 நவம்பரில் இஸ்ரோ ஏவிய ஓசன்சாட்-3 இல் அது இருக்கிறது.

1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்த மூத்தவர்கள், அப்போது இதெல்லாம் இருந்திருந்தால் என்று கேட்பார்கள். கூரையும் தென்னையும் போய், கிட்டத்தட்ட ஆயிரம் உயிர்கள் போன இரவு அது. இன்று அப்படியொன்று வந்தால் நாட்கணக்கில் முன்பே கண்ணில் படும்.

"2024 இல பெயர் வைக்கிறதுக்கு முன்னமே எங்கட ஊர் தாண்டு போச்சே. சூறாவளி இல்லாட்டி வெள்ளம் வராது எண்டுதானே நினைச்சோம்?"

பெயர் காற்றுக்கு வைக்கப்படுவது, மழைக்கு அல்ல. வங்காள விரிகுடாவில் நீடித்த காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் பெயர். 2024 நவம்பர் கடைசி வாரம் ஃபெங்கல் நம் கரையோரமாக மெதுவாக ஊர்ந்தபோது தாழமுக்கமாகத்தான் இருந்தது. 29 ஆம் திகதிதான் பெயர் கிடைத்தது, அடுத்த நாள் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அதற்கு முன்பே, 26 ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் மத்ரஸாப் பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு அடித்துக்கொண்டு போய்விட்டது.

செய்மதிப் படத்தில் பார்க்கவேண்டியது சுருளின் அழகை அல்ல. மேகக் கூட்டம் எத்தனை மணித்தியாலமாக ஒரே இடத்தில் நிற்கிறது, கடலிலிருந்து புதுமேகம் பின்னால் வந்துகொண்டே இருக்கிறதா என்பதைப் பாருங்கள். மெதுவாக நகரும் தாழமுக்கம் விரைந்து ஓடும் சூறாவளியைவிட அதிக மழை தரலாம். 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியிலும் மழையே பெரும் அழிவைச் செய்தது, அதுவும் மலைநாட்டில். மலையில் மோதி விழும் மழையையும் செய்மதி குறைத்து மதிப்பிடும் என்பது ஆய்வாளர்களுக்குப் பழைய பிரச்சினை.

"இந்தக் கடைசி ஒண்டு ரெண்டு வருசத்தில விஞ்ஞானிகள் புதுசா என்ன செய்யிறாங்க?"

மேகத்தைப் பார்ப்பதிலிருந்து, மேகம் உருவாகும் முன் உள்ள காற்றைப் பார்ப்பதற்கு நகர்கிறார்கள். 2025 ஜூலை 1 ஆம் திகதி ஐரோப்பா ஏவிய எம்டிஜி-எஸ்1, ஒரே இடத்தில் நின்றுகொண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் அடுக்கு அடுக்காக அளக்கிறது. சீனா ஃபெங்யுன்-4 வரிசையில் 2016 இலேயே இதைத் தொடங்கிவிட்டது. ஜப்பானின் ஹிமவாரி-10 உம் இதே வகைக் கருவியோடு வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கொஸ்மிக்-2. தாய்வானும் அமெரிக்காவும் 2019 இல் அனுப்பிய ஆறு செய்மதிகள். உங்கள் போன் வழி காட்டப் பயன்படுத்தும் அதே ஜிபிஎஸ் சமிக்ஞை காற்றுமண்டலத்தின் ஊடாக வரும்போது எவ்வளவு வளைகிறது என்று அவை அளக்கின்றன. அந்த வளைவிலிருந்து வெப்பமும் ஈரமும் தெரிகிறது, அதுவும் நம்மைப் போன்ற அயன நாடுகளுக்கு மேலே. பலூன் விட யாருமில்லாத நடுக்கடலுக்கு மேலேயும் நாளுக்கு ஆயிரக்கணக்கான அளவீடுகள் கிடைக்கின்றன.

"ஏஐ வந்திட்டுது. இனி சட்டலைட் தேவையில்ல எண்டு யூடியூபில சொல்றாங்களே?"

2023 இல் கூகிள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் வந்தது. 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய நடுத்தர வீச்சு முன்னறிவிப்பு மையம் தன் ஏஐ மாதிரியை அன்றாடப் பணிக்கே எடுத்துக்கொண்டது. சூறாவளிப் பாதையில் இவை நன்றாகச் செய்கின்றன. ஆனால் இவை படித்தது பல பத்தாண்டுச் செய்மதி அளவீடுகளும் கலந்த பழைய வானிலைப் பதிவேடு. ஒவ்வொரு நாளும் தொடங்குவதும் அன்றைய நிலையிலிருந்து. அந்த நிலையைச் சொல்வதில் பெரும் பங்கு செய்மதிக்கு. கண்ணை மூடிவிட்டு மூளையை மட்டும் கூர்மையாக்கி என்ன பயன்?

"சேர், நாங்க பள்ளிக்கூடத்தில அன்டெனா கட்டி நோவா படம் இறக்கினோம். இப்ப இரைச்சல்தான் வருது. என்ன பிழை?"

உங்களில் பிழை இல்லை. அமெரிக்காவின் நோவா-15, 18, 19 வானிலைச் செய்மதிகள் மூன்றும் 2025 இல் பணியிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டன. அவற்றோடு அந்தப் பழைய அனலொக் படமும் முடிந்தது. அன்டெனாவைக் கழற்றவேண்டாம். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசையும் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் அனுப்புகிறது. ஒவ்வொரு கையும் சுமார் 53 சென்ரிமீற்றர் உள்ள உங்கள் வி வடிவ அன்டெனாவே போதும். சமிக்ஞை டிஜிட்டல் என்பதால் மென்பொருளை மட்டும் மாற்றவேண்டும். சாட்டம்ப் என்ற மென்பொருள் இலவசம்.

"வெள்ளம் எங்க நிக்குது எண்டு சட்டலைட் வரைபடம் போட்டாங்க. எங்கட வயலும் வெள்ளத்தில எண்டு காட்டுது. அங்க வெள்ளமே இல்லியே?"

அது சென்டினல்-1 போன்ற ராடர் செய்மதி. ராடர் மேகத்தைத் துளைத்து வரும். அமைதியான தண்ணீரில் பட்டால் அலை வேறு பக்கம் தெறித்துப்போகும், அந்த இடம் படத்தில் கறுப்பாகும். விதைப்புக்கு உழுது தண்ணீர் கட்டிய வயலும் அதே கறுப்புத்தான். சம்மாந்துறை, நவகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இது நிச்சயம் குழப்பும். வெள்ளத்துக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டுப் போட்ட வரைபடம் என்றாலும், முந்திய படம் உழவுக்கு முன் எடுத்தது என்றால் பிழைதான்.

2025 ஜூலை 30 ஆம் திகதி ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அதன் நீண்ட அலை பயிரையும் செடியையும் ஊடுருவும் என்பதால் நெல்லுக்கு அடியில் நிற்கும் தண்ணீரைப் பிரித்தறிய உதவும். 12 நாளுக்கு ஒரு தடவைதான் அதே பாதையில் வரும் என்பது அதன் எல்லை.

"சுனாமி வாறதையும் இது சொல்லுமா?"

வானிலைச் செய்மதி சொல்லாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஜேசன்-1 என்ற கடல்மட்டச் செய்மதி, நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணித்தியாலத்தில் தற்செயலாக மேலே போனபோது ஆழ்கடலில் சுமார் 60 சென்ரிமீற்றர் அலையைப் பதிந்தது. தரவு ஆய்வாளர் கைக்கு வரும்போது நம் கரையில் எல்லாம் முடிந்திருந்தது. சுனாமி எச்சரிக்கை நிலநடுக்கமானியிலும் கடலடி அழுத்தமானியிலும் தங்கியிருக்கிறது. செய்மதி அந்தச் செய்தியைக் கடத்துகிறது. சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு எடுங்கள்.

"மகள் ஏ/எல் கணிதப் பிரிவு. இந்த ஆராய்ச்சிக்கு வர விருப்பம். வெளிநாடு போனாத்தான் முடியுமா?"

பௌதிகவியல், கணிதம், கணினி நிரலாக்கம் மூன்றும் இருந்தால் தொடங்கலாம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் அதற்கான அடிப்படையைப் படிக்கலாம். ஐமெர்க், ஹிமவாரி, சென்டினல்-1 தரவுகள் எல்லாம் இலவசம். நம் கரையில் இவை எவ்வளவு பிழைக்கின்றன என்பதை நம்மைவிட வேறு யார் அக்கறையோடு ஆராயப்போகிறார்கள்?

முதல் பயிற்சியாக ஒரு மாரி முழுவதும் பள்ளிக்கூடத்து மழைமானியையும் அதே இடத்து ஐமெர்க் கட்டத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு விஷயம் கவனம்: நம் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அது உலகப் பொது நேரத்தில் 3.00 மணி. ஆகவே 3.00 மணியிலிருந்து தொடங்கி 48 அரை மணித் துண்டுகளைக் கூட்டவேண்டும். ஐமெர்க் மதிப்பு மணிக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று வருவதால் ஒவ்வொன்றையும் பாதியாக்கிவிட்டுக் கூட்டுங்கள். அதை மறந்தால் மழை இரட்டிப்பாகிவிடும்.